அணு உலையின் எஞ்சு வெப்பமும் அதனைத் தணிக்கும் முறைகளும்

'எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அடுப்பினின்றும் விறகை வாங்கிவிட்டால் உலைநீர் சிறிது பொழுதில் அமைதியுறும் என்னும் அடுக்களை அறிவிலிருந்து பிறந்தது அது. உலை என்னும் சொல் சோறு சமைத்தற்குக் கொதிக்கவைக்கும் நீரையும் குறிக்கும். கொல்லன் இரும்பைக் காய்ச்சும் இடத்தையும் குறிக்கும். விறகை வாங்கினால் முன்னது அடங்கும். துருத்தியை நிறுத்தினால் பின்னது அடங்கும். இச்சொல்லையே இக்காலத்தார் யுரேனிய அணுக்களைப் பிளந்து வெப்பம் பெறும் அமைப்பின்மேல் ஏற்றி 'அணு உலை' என வழங்கலாயினர். ஆக்கம் பொருத்தமானதே. எனினும், பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளுக்குச் செல்லும்பொழுது தன் பழைய கருத்துகளையும் உடன்கொண்டு செல்லும் என்பது சொற்பொருள் ஆராய்வார் நன்கறிந்ததொன்று. அணு உலையைப் பொறுத்தவரை மேற்கூறிய பழமொழி பொய்த்துப்போகின்றது. எரிவதைப் பிடுங்கிய பின்னரும் ஆண்டுக் கொதிப்பு அடங்குவதில்லை.

ஊறுபட்ட அணு உலையைத் தணித்தற்கு அறிஞர் மேற்கொள்ளும் முறைகள் யாவை, அவை எவ்வாறு பயன்படுகின்றன, எவ்விடத்துத் தவறுகின்றன என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அவ்விளக்கத்தினின்று தமிழில் நாம் வழங்க வேண்டிய சொற்கள் சிலவும் தெளிவுறும்.

1. நின்ற பின்னும் நில்லா வெப்பம்

யுரேனிய அணு பிளவுபடும்பொழுது இரு சிறிய அணுக்கருக்கள் தோன்றுகின்றன. அவற்றுட் பெரும்பாலன நிலையற்றவை. கதிர்களை வீசிப் படிப்படியாக நிலைபெறுவன. அங்ஙனம் வீசுங்கால் வெப்பமும் வெளிப்படுகின்றது. கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே செலுத்தினால் பிளவின் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் முன்னரே தோன்றிவிட்ட சிறு கருக்கள் கதிர்வீசுவதை எக்கோலும் நிறுத்தவியலாது. அது காலத்தால் மட்டுமே குறைவது. இதனை ஈண்டு 'எஞ்சு வெப்பம்' எனக் குறிப்போம்.

இதன் அளவு யாது? உலை நின்ற அந்நொடியில் அதன் முழு வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ 6 அல்லது 7 விழுக்காடு எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடாகவும், ஒரு நாளில் அரை விழுக்காட்டளவாகவும் குறையும். விழுக்காடு சிறிதாயினும் முதற்பொருள் பெரிதாதலின் எச்சமும் பெரிதே. ஜப்பானில் புக்குஷிமா தாயிச்சி நிலையத்தின் முதல் உலை 460 மெகாவாட் மின்னாற்றல் தருவது. அதன் வெப்ப ஆற்றல் 1,380 மெகாவாட். ஆகவே நின்று ஒரு மணி நேரம் சென்ற பின்னும் அதனுள் ஏறத்தாழ 20 மெகாவாட்டும், ஒரு நாள் சென்ற பின்னும் ஏறத்தாழ 7 மெகாவாட்டும் வெப்பம் பிறந்துகொண்டேயிருக்கும்.

2. நீரின் கணக்கு

இவ்வெப்பத்தை அகற்றுதற்கு எளிதிற் கிடைப்பதும் ஆற்றல் மிக்கதும் நீரே. ஒரு கிராம் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 80 கலோரி வெப்பம் வேண்டும். கொதிநிலையில் உள்ள அதே நீரை ஆவியாக மாற்றவோ 540 கலோரி வேண்டும். எனவே நீரைச் சூடாக்கி வெளியேற்றுவதைக் காட்டிலும், கொதித்து ஆவியாகவிடுவதால் ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பத்தை அகற்றலாம். மேற்கூறிய உலைக்கு, நின்ற ஒரு மணி நேரத்திற்குப் பின் மணிக்கு ஏறத்தாழ 28 டன் நீரும், ஒரு நாள் சென்றபின் மணிக்கு ஏறத்தாழ 10 டன் நீரும் ஆவியாகிக் கழிந்தால் போதும். இது தீயணைப்பு வண்டி ஒன்று எளிதில் தரக்கூடிய அளவே.

இக்கணக்கை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். தேவைப்படும் நீர் இத்துணைச் சிறிதாயின், கடற்கரையில் நின்ற உலைகள் நீரின்றி உருகியது எங்ஙனம்? விடை இது: நீர் இருத்தல் வேறு; நீர் எரிபொருளைச் சென்று சேர்தல் வேறு. தணிக்கும் முறைகள் அனைத்தும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைப் பற்றியனவே.

3. நீர் குறைந்தால் நிகழ்வன

எரிபொருள் சிர்க்கோனியம் என்னும் உலோகக் கலவையாற் செய்த மெல்லிய குழல்களுள் அடைக்கப்பட்டுள்ளது. நீர்மட்டம் தாழ்ந்து அக்குழல்கள் வெளிப்பட்டால் அவற்றின் வெப்பநிலை விரைந்து உயரும். ஏறத்தாழ 1,200 பாகையைக் கடந்தபின் சிர்க்கோனியம் நீராவியோடு கடுமையாக வினைபுரியும். அவ்வினையில் ஹைட்ரஜன் வளி பிறக்கும். புதிய வெப்பமும் பிறக்கும். அஃதாவது, எஞ்சு வெப்பத்தோடு வேதிவினை வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 1,850 பாகையளவில் குழலுலோகம் உருகும். 2,800 பாகையைக் கடந்தால் யுரேனிய ஆக்சைடும் உருகும்.

காலந்தாழ்த்து ஊற்றும் நீர் ஏன் ஐயத்திற்கு இடமாகின்றது என்பதும் இதனால் விளங்கும். மிகக் காய்ந்த குழல்மேற் படும் நீர் தணிப்பதோடு நில்லாது, நீராவியாகி ஹைட்ரஜனையும் பெருக்கும். காய்ந்து நொறுங்குந் தன்மையடைந்த குழலைத் திடீரெனக் குளிர்வித்து உடைக்கவும் செய்யும். எனினும் நீர் ஊற்றாது விடுதல் அதனினுங் கேடு. ஆகவே ஊற்றுவதா, வேண்டாவா என்பது வினாவன்று. ஊற்றும் நீரோடு பிறக்கும் வளிக்கும் ஆவிக்கும் வழி வகுத்தாயிற்றா என்பதே வினா. உருக்குலைந்த எரிபொருளில் பிளவுவினை மீண்டும் தலைதூக்காவண்ணம் ஊற்றும் நீரிற் போரிக் அமிலத்தைக் கலப்பதும் உண்டு. போரான் நியூட்ரான்களை விழுங்குவது.

4. தணிக்கும் முறைகளின் வகை

இம்முறைகளை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, இயற்கைச் சுழற்சி. சூடான நீரும் ஆவியும் மேலேறும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். உலைக்கு மேலே குளிர்ந்த இடம் ஒன்று அமைந்திருந்தால் பம்பு இன்றியே இச்சுழற்சி நிகழும்.

இரண்டாவது, உலையின் ஆவியையே கொண்டு இயங்கும் பம்பு. எஞ்சு வெப்பம் எழுப்பும் ஆவி ஒரு சிறு சுழலியைச் சுழற்ற, அச்சுழலி பம்பை இயக்கி உலைக்குள் நீரைச் செலுத்தும். நோயே மருந்தாகும் அமைப்பு இது. ஆயினும் ஆவி சென்று ஒடுங்கும் நீர்த்தொட்டி நாளடைவில் சூடேறிவிடுமாதலின் இது நெடுங்காலம் நிலைப்பதன்று.

மூன்றாவது, மின்சாரத்தால் இயங்கும் அவசரப் பம்புகள். மின்சாரம் உள்ளவரை இவையே மிக்க வலிமை உடையன.

நான்காவது, வெளியிலிருந்து தீயணைப்புப் பம்பு முதலியவற்றால் நீரூட்டுதல். முதல் மூன்றும் தவறியவிடத்து எஞ்சுவது இது. இதற்கு ஒரு பெருந்தடை உண்டு. கொதிநீர் உலைக்கலத்தினுள் அழுத்தம் வளி அழுத்தத்தைப்போல் 70 மடங்கு. தீயணைப்புப் பம்பின் அழுத்தமோ ஏறத்தாழ 10 மடங்கே. ஆகவே ஆவியை வெளிவிட்டுக் கலத்தின் அழுத்தத்தைக் குறைத்தாலன்றி ஒரு துளி நீரும் உட்புகாது. அழுத்தத்தைக் குறைக்குங்கால் உள்ளே இருக்கும் நீரும் பெரும்பகுதி ஆவியாகிக் கழியும். எனவே வெளிநீர் வாயிலில் வந்து காத்திருக்கும்பொழுதே வால்வைத் திறத்தல் வேண்டும். இவ்வரிசை பிறழின் மருந்தே நஞ்சாம்.

5. மூன்றுமைல் தீவு, 1979

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், மூன்றுமைல் தீவின் இரண்டாம் உலையில், 1979 மார்ச் 28 விடியற்காலை நான்கு மணியளவில் நீரூட்டும் பம்புகள் நின்றன. உலையும் தானே நின்றது. ஆனால் அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளவில்லை; அதன் வழியே நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அவசரப் பம்புகள் தாமாகவே இயங்கத் தொடங்கின. எனினும் அழுத்தம் காக்கும் கலத்தின் அளவுகாட்டி நீர் மிகுந்திருப்பதாகக் காட்டவே, இயக்குநர் அப்பம்புகளின் நீரைக் குறைத்தனர். பின்னர்ச் சுழற்சிப் பம்புகளையும் நிறுத்தினர். திறந்திருந்த வழி அடைபடுதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அதற்குள் எரிபொருள் வெளிப்பட்டு, முடிவில் ஏறத்தாழப் பாதி உருகியது.

ஈண்டு நீரும் இருந்தது, மின்சாரமும் இருந்தது, பம்புகளும் பழுதின்றி இருந்தன. உள்ளே நீர் இல்லை என்னும் அறிவு ஒன்றே இல்லாதிருந்தது. அன்று மாலையில் சுழற்சி மீட்கப்பட்டது. உருகிய பொருளின் ஒரு பகுதி உலைக்கலத்தின் அடியை அடைந்தும் கலம் உடையவில்லை. ஏப்ரல் 27 முதல் அவ்வுலை இயற்கைச் சுழற்சியாலேயே தணிக்கப்பட்டது.

6. புக்குஷிமா, 2011

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானில் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. புக்குஷிமா தாயிச்சியில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் உடனே நின்றன. வெளி மின்சாரம் அற்றது. டீசல் மின்னாக்கிகள் இயங்கின. ஒரு மணி நேரத்திற்குள் ஆழிப்பேரலை வந்து அம்மின்னாக்கிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. முதல் இரண்டு உலைகளில் மின்கலங்களும் பயனிழந்தன.

முதல் உலையில் இயற்கைச் சுழற்சியால் இயங்கும் குளிர்கலம் இருந்தது. ஆவி மேலேறி, நீர்த்தொட்டியுள் அமைந்த குழாய்களிற் குளிர்ந்து, நீராகித் தானே உலைக்கு இறங்கும், பம்பு வேண்டுவதில்லை. ஆனால் வால்வு திறந்திருத்தல் வேண்டும். உலை மிக விரைந்து குளிர்ந்துவிடாதபடி இயக்குநர் விதிப்படி வால்வை மூடியும் திறந்தும் வந்தனர். மின்சாரம் அற்ற வேளையில் அது மூடியிருந்தது. மின்சாரம் இன்மையால் உள்ளிருந்த வால்வுகளும் அடைபடும் வண்ணம் அவ்வமைப்பு இயற்றப்பட்டிருந்தது. விளக்கும் அளவுகாட்டியும் அற்ற அறையில் இருந்தோர்க்கு அது இயங்குகின்றதா என்பதே புலப்படவில்லை. அன்றிரவே எரிபொருள் உருகத் தொடங்கியது.

இரண்டாம் உலையில் ஆவியால் இயங்கும் பம்பு ஏறத்தாழ 70 மணி நேரம் உழைத்து, 14ஆம் நாள் நின்றது. மூன்றாம் உலையில் அத்தகைய பம்பு 12ஆம் நாள் நின்றது. அடுத்து இயங்கிய உயரழுத்தப் பம்பை 13ஆம் நாள் பின்னிரவில் இயக்குநர் நிறுத்தினர். தீயணைப்புப் பம்பினால் நீரூட்டலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் அழுத்தம் தணிக்கும் வால்வைத் திறக்க மின்சாரம் இல்லை. ஊழியர்தம் ஊர்திகளிலிருந்து 12 வோல்ட்டு மின்கலங்கள் பத்தினைக் கழற்றி வந்து, தொடராக இணைத்து, 120 வோல்ட்டாக்கி வால்வைத் திறக்க முயன்றனர். இடைப்பட்ட மணிகளில் நீர் சென்றிலது. முற்கூறிய வரிசை பிறழ்ந்ததன் பயன் இது.

நன்னீர் தீர்ந்தபின் கடல்நீர் ஊட்டலாயினர். 12ஆம் நாள் மாலை முதல் உலையில் அது தொடங்கியது. அரசின் இசைவு கிட்டவில்லை என்று கூறி, அதனை நிறுத்துமாறு தலைமை அலுவலகம் நிலையத் தலைவர் மசாவோ யோஷிதாவைப் பணித்தது. அவர் பிறர் கேட்க நிறுத்துமாறு கூறி, நீரூட்டுவோரிடம் மட்டும் நிறுத்தற்க என முன்னரே தனியே உரைத்திருந்தார். நீர் நிற்கவில்லை. கடல்நீர் உப்பைப் படியவிட்டு நீர்வழிகளை அடைக்கக்கூடும் என்பதும், உலை பின்னர் எதற்கும் உதவாது என்பதும் உண்மையே. எனினும் அந்நிலையில் காக்கவேண்டியது உலை அன்று; ஊர். மார்ச் இறுதியில் நன்னீர் மீண்டும் கிடைத்தது.

அவ்வாறு செலுத்திய நீரிலும் ஒரு பகுதி வேறு குழாய்களின் வழியே பிறகலங்களுக்குச் சென்றுவிட்டது என்பது பின்னர் ஆராய்ச்சியால் வெளியாயிற்று. சிர்க்கோனியத்தினின்று பிறந்த ஹைட்ரஜன் கட்டடங்களின் மேற்பகுதியிற் சேர்ந்து, 12ஆம் நாள் முதல் உலையிலும், 14ஆம் நாள் மூன்றாம் உலையிலும், 15ஆம் நாள் நான்காம் உலையிலும் வெடித்தது. நான்காம் உலையில் எரிபொருளே இல்லை. மூன்றாம் உலையின் வளி பொதுக்குழாய் வழியே ஆண்டுச் சென்றது.

நான்காம் உலையின் எரிபொருள் முழுதும் மேல்மாடிக் குளத்தில் இருந்தது. உலையினின்று எடுத்த எரிபொருளுக்கும் எஞ்சு வெப்பம் உண்டாதலின் குளங்களுக்கும் நீர் வேண்டியதாயிற்று. 17ஆம் நாள் ஹெலிகாப்டர்கள் மூன்றாம் உலையின்மேல் நான்கு முறை, மொத்தம் ஏறத்தாழ 30 டன் கடல்நீரைச் சொரிந்தன. பெரும்பகுதி காற்றிற் சிதறியது. பயன்பட்டது வேறொன்று. உயர்ந்த கட்டடங்களுக்குக் காரைக்கலவை ஏற்றும் நீண்ட கையுடைய வண்டி 22ஆம் நாள் முதல் குளத்திற்கு நேர்மேலே கைநீட்டி நீர் வார்த்தது. வானினின்று கொட்டிய நீரினும் வாயறிந்து வார்த்த நீரே உதவியது.

அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று உலைகள் தணிந்த நிறுத்த நிலைக்கு ஒப்பான நிலையை எய்தின என அரசு அறிவித்தது. ஆயினும் நீரூட்டல் நிற்கவில்லை. உருகிய பொருளைத் தொட்ட நீரைத் தூய்மை செய்து தொட்டிகளிற் சேர்த்தனர். அதனைக் கடலில் விடுதல் 2023 ஆகஸ்டு 24 அன்று தொடங்கிற்று. உருகிய பொருளின் முதற்சிறுகூறு, ஒரு கிராமினுங் குறைந்த அளவில், 2024 நவம்பரில்தான் வெளியே எடுக்கப்பட்டது.

7. நீர் எட்டாத உலைகள்

கலம் உடைந்தோ, கலமே இன்றியோ எரிபொருள் காற்றுக்கு வெளிப்பட்ட உலைகளின் நிலை வேறு. இங்கிலாந்தில் விண்டுஸ்கேலில் 1957 அக்டோபரில், காற்றால் தணிக்கப்படும் கரியுலை ஒன்று தீப்பற்றியது. கரியமில வளி செலுத்தினர், பயனில்லை. வெடிப்பு நேருமோ என்னும் அச்சத்தோடு நீரைச் செலுத்தினர். தீ அப்பொழுதும் அடங்கவில்லை. தணித்தற்கென ஊதிய காற்றை நிறுத்தியபின்னரே தீ அவிந்தது. இங்குத் தணிக்கும் பொருளே தீயை வளர்த்தது. கொல்லன் துருத்தியை நிறுத்துவது போன்ற செயலே காத்தது. அதன் பின்னரும் ஏறத்தாழ ஒரு நாள் நீர் செலுத்தப்பட்டது என்பது கருதத்தக்கது.

செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அன்று உலையே சிதறியது. முதலிற் செலுத்திய நீர் உடைந்த குழாய்களின் வழியே கீழறைகளை நிறைத்ததன்றி எரிபொருளை அடையவில்லை. பின்னர் மணல், களிமண், காரீயம், டோலமைட்டு, போரான் சேர்மம் ஆகியவை ஏறத்தாழ 5,000 டன் வானினின்று கொட்டப்பட்டன. மூடுவது கதிரியக்கப் பொருள் பரவுவதைத் தடுக்கும். ஆனால் மூடியது வெப்பத்தையும் உள்ளே நிறுத்தும். ஆதலின் கீழிருந்து குளிர்ந்த நைட்ரஜன் வளியைச் செலுத்தினர். சுரங்கத் தொழிலாளர் உலைக்கு அடியில் குடைந்து, தணிக்கும் குழாய்கள் பதித்த தளம் ஒன்றையும் அமைத்தனர். அக்குழாய்களை இயக்கவேண்டிய தேவை எழவில்லை.

8. நம் நாட்டுச் சான்றுகள்

வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தால் எளிய கருவியும் காக்கும் என்பதற்கு நம் நாட்டில் சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்து நரோரா நிலையத்தின் முதல் உலையில் 1993 மார்ச் 31 அன்று சுழலியின் தகடுகள் ஒடிந்தன. மின்னாக்கியின் ஹைட்ரஜன் தீப்பற்றியது. கம்பிவடங்கள் கருகி, ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் முற்றும் மின்சாரம் இன்றி இருந்தது. கட்டுப்பாட்டறையும் புகையால் நிறைந்தது. ஆயினும் டீசலால் இயங்கும் தீயணைப்புப் பம்புகள் நீராவி ஆக்கிகளுக்கு நீரூட்டின. உலையினுள் கனநீர் இயற்கைச் சுழற்சியால் வெப்பத்தை அவ்வாக்கிகளுக்குக் கொண்டுசேர்த்தது. பிளவுவினை மீளாதிருக்கப் போரான் கரைசலின் வால்வுகளை ஊழியர் கைவிளக்கோடு மேலேறிக் கையாலே திறந்தனர். எரிபொருளுக்கு ஊறு நேரவில்லை. புக்குஷிமாவில் இல்லாத எப்பெருங்கருவியும் நரோராவில் இருந்ததில்லை. அழுத்தம் குறைந்த பக்கத்தில் நீர் செல்லும் வழி ஒன்று இருந்தது.

தமிழகத்துக் கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடல்நீர்ப் பம்பகத்துட் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை நிறுத்தப்பட்டது. வெளி மின்சாரம் அறவில்லையாதலின் தணிப்புக்கு இடர் நேரவில்லை. கூடங்குளத்து உலைகளில் காற்றினால் தணியும் அமைப்பு உண்டு. ஆவி, கட்டடத்திற்கு வெளியே உள்ள குழாய்களிற் சென்று, இயல்பாக மேலெழும் காற்றினாற் குளிர்ந்து நீராகி மீளும், மின்சாரம் வேண்டுவதில்லை. உருகிய பொருளை ஏற்கும் கலமும் அங்கு உலைக்கு அடியில் அமைந்துள்ளது.

9. சொல்லும் பொருளும்

இதுகாறும் கூறியவற்றால் தமிழிற் பிரித்து வழங்கவேண்டிய பொருள்கள் சில புலனாகும். தொடர்வினை நிற்பதை 'நிறுத்தம்' என்க. எஞ்சு வெப்பத்தை அகற்றுவதைத் 'தணிப்பு' என்க. நீர் கொதிநிலைக்குக் கீழே, வளி அழுத்த அளவில் நிலைபெறுவதைத் 'தணிந்த நிறுத்தம்' என்க. 'அணைத்தல்' என்னும் சொல்லை இவற்றுள் எதற்கும் வழங்குதல் தகாது. அணைத்த விளக்கு மீண்டும் கவனிப்பை வேண்டாது. நிறுத்திய உலையோ ஆண்டுக்கணக்கில் வேண்டும். அவ்வாறே கட்டடத்துட் சேர்ந்த ஹைட்ரஜன் வெடித்ததனை 'அணு வெடிப்பு' எனலும் பிழை. ஒன்று வேதிவினை, மற்றொன்று அணுவினை.

இது வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. கல்பாக்கத்தும் கூடங்குளத்தும் உலைகளின் அருகே வாழ்வோர் தமிழ் பேசுவோர். இடர்வேளையில் 'உலை நின்றுவிட்டது' என்று கேட்பவர், அடுக்களையில் உலையை இறக்கிய பொருளையே கொள்வர்; இடர் நீங்கியதென்று எண்ணுவர். புக்குஷிமாவின் மூன்று உலைகளும் நிலநடுக்கத்தின்பொழுதே நின்றுவிட்டன. உருகியது நின்ற பின்னரே. ஆகவே உலை நின்றதா என்பதோடு அமையாது, நீர் செல்கின்றதா, அது எரிபொருளை அடைகின்றதா, வெப்பம் வெளியேற வழி உண்டா என்று மூன்றினையும் தமிழிலேயே வினவவும் விடைகூறவும் இயலவேண்டும். அதற்குரிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை இடரில்லாக் காலத்திலேயே பாடநூலிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பிலும் பொருள் மயங்காது வழங்கிப் பழகுதல் தமிழ்த்துறையார்க்கும் உரிய கடமையாம்.